இடிமழை ரசிகன்

"போஸ்டரா? அதெல்லாம் அடுப்பு பத்தவச்சாச்சு தம்பி. மழ நாள்ல வெறகெல்லாம் ஈரம். வேற எப்படி எரியும்?"

பூரணி சொன்னதைக் கேட்டதும், வந்தவனின் முகம் சுருங்கிப்போனது.

"மேடையில போடுவாரே, அந்தக் கறுப்புச் சட்ட, அக்கா?"

"கரித்துணி."

"கிட்டார் பட்டி?"

"அதுல நாய கட்டியிருந்தோம். நாய் செத்தே நாலு வருஷமாச்சு."

அவள் புருஷன் கஜேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. வலப்பனையிலிருந்து மூன்று பஸ் மாறி நோர்வூட்டுக்கு வந்திருக்கிறான் மனுஷன். அவனிடம் பேசுகிற பேச்சா இது?

கிழமைக்கு ஒரு நாள்தான் கஜேந்திரனுக்கு லீவு. ஆறு நாளும் ஹட்டன் பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் போட்டு வலித்த கால்களை நீட்டிப் படுத்திருந்தான். கதவைத் தட்டி, "நீங்கதானே இடிமழை கஜேந்திரன்?" என்று கேட்டான் இந்த லோஜன். அந்தப் பேரைச் சொல்லி யாரும் கேட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும்.

தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டு, இடிமழை. கஜேந்திரன்தான் பாட்டும் கிட்டாரும். பத்து வருஷம் ஊர் ஊராகப் பாடினார்கள். கொழும்பில் மாசக்கணக்காகத் தங்கி மூன்று கேசட் போட்டார்கள். டிரம்ஸ்காரன் டுபாய்க்குப் போனதோடு எல்லாம் முடிந்துபோனது.

லோஜன் சூட்கேஸைத் திறந்து காட்டினான். மூன்று கேசட்டும் இருந்தன. பஸ் ஸ்டாண்டு சுவரிலிருந்து உரித்தெடுத்த போஸ்டர். நுழைவுச் சீட்டுகள். பாதியாக உடைந்த டிரம்ஸ் குச்சி. சுருட்டி வைத்த ஒரு கம்பி.

"தலவாக்கலை ஷோவுல உங்க கிட்டார்ல அறுந்த கம்பிண்ணே. நீங்க கழட்டி வீசுனீங்க. கூட்டத்துக்குள்ள பூந்து எடுத்தேன்."

கஜேந்திரனுக்கு அந்த ஷோவே நினைவில்லை.

"இப்ப பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுக்குறேண்ணே. இதுக்குன்னே வீட்ல ஒரு ரூம் ஒதுக்கியிருக்கேன். உங்ககிட்டயிருந்தும் ஏதாச்சும் கெடச்சா நடுவுல வைக்கலாம்னு வந்தேன்."

"ஒண்ணுமில்லையே தம்பி. கேட்டீங்கல்ல? இவ எதையும் விட்டு வைக்கல."

பூரணி அசரவில்லை.

"மூத்தவ பொறந்தப்ப இவரு மட்டக்களப்புல மேடையில. சின்னவன் பொறந்தப்ப பண்டாரவளையில. அந்தச் சாமானையெல்லாம் வச்சு நான் என்ன, கும்பிடவா?"

சொல்லிவிட்டு, இருவர் முன்னும் தேத்தண்ணியை வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

"மனசுல வச்சுக்காதீங்க தம்பி," என்றான் கஜேந்திரன். "அவளுக்கு எப்பவுமே பேண்டுன்னா ஆகாது."

"பரவால்லண்ணே. இருக்கறதுலயே பெரிய சாமான் ஏற்கனவே என்கிட்டதான் இருக்கு."

சூட்கேஸின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே ஏழு கடிதங்கள்.

"எல்லாம் நீங்க எழுதுனது."

கஜேந்திரன் விழித்தான். அந்த நாளில் ரசிகர் கடிதங்கள் கட்டுக்கட்டாக வரும். அலமாரி மேலே போட்டு வைப்பான். பாதியைப் பிரித்தது கூட இல்லை. பதிலாவது எழுதுவதாவது!

"அப்பா செத்த வருஷம்ணே. படிப்ப விட்டுட்டு கொழும்புல சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போறதுன்னு பைய கட்டிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. உங்களுக்கு மட்டும் எழுதுனேன். எட்டாம் நாள் பதில் வந்துச்சு."

ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். கஜேந்திரன் வாசித்தான்.

'தம்பி, கடை எங்கேயும் ஓடிப்போகாது. பரீட்சையை எழுது. அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசு. பேசிவிட்டு எனக்கு எழுது. எழுதாமல் இருந்துவிடாதே. அண்ணன் கஜேந்திரன்.'

இரண்டாம் தடவை அவன் வரிகளை வாசிக்கவில்லை. கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இது நான்..."

"தேத்தண்ணி ஆறிப்போவுது. ரெண்டு பேரும் மொதல்ல குடிங்க!"

குசினியிலிருந்து பூரணியின் குரல் வெடுக்கென்று வந்தது.

கஜேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். லோஜனின் கண் கலங்கியிருந்தது. "அந்தக் கடுதாசி வராட்டி இன்னிக்கு நான் வாத்தியார் இல்லண்ணே," என்றான்.

கஜேந்திரன் கடிதத்தை மடித்து அவன் கையில் கொடுத்தான். தேத்தண்ணியைக் குடித்தான்.

கிளம்பும்போது லோஜன் போனை எடுத்தான். "ஒரு போட்டோண்ணே. அக்கா, நீங்களும் வாங்களேன்."

"நான் எதுக்கு? நானா பாடுனேன்?"

அவள் வெளியே வரவே இல்லை.

லோஜனை பஸ் ஏற்றிவிட்டு வந்த கஜேந்திரன் நேராகக் குசினிக்குப் போனான். பூரணி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கதவு நிலையைப் பிடித்தபடி நின்றான். இத்தனை வருஷமாக இவளைப் பற்றிக் கண்டவனிடமெல்லாம் குறை சொல்லியிருக்கிறான்.

"எத்தன பேருக்கு எழுதுன?"

அவள் திரும்பவில்லை. "எண்ணிப் பாக்கல."

"ஒனக்குத்தான் பேண்டுன்னாலே ஆகாதே?"

"இப்பவும் ஆகாது."

"அப்பறம் எதுக்குப் பூரணி எழுதுன?"

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க மாசக்கணக்கா வெளிய கெடந்தப்ப, தபால்காரர பாத்துக்கிட்டு நானும் வாசல்ல நிப்பேன். ஒரு வரி வந்ததில்ல. அந்தப் புள்ளைங்களாச்சும் அப்படி நிக்க வேணாமேன்னுதான்."