தீபாவளிச் சட்டை

தெருவிலிருந்த முஸ்லிம் கடைகளை ஒரு கும்பல் கொளுத்திய மறுவாரம், டெய்லர் ஹிதாயத் பாய் தன் கடைக்குத் திரும்பினார். உள்ளே கரிபிடித்த தையல் மிஷின் மட்டும்தான் மிச்சம். அவர் கழுத்தில் கிடந்த டேப் அவரோடு தப்பியிருந்தது.

"நாலு கால் இருந்தும் ஓடத் தெரியலையே உனக்கு," என்று மிஷினைக் கிண்டலடித்தது டேப்.

"மிதிக்க ஆள் வேணாமா?" என்றது மிஷின்.

அப்போது வரதராஜன் வந்தார். "பாய், நம்ம தீபாவளிச் சட்டை ரெடியா?"

"பட்டன் மட்டும்தான் பாக்கி இருந்துச்சு," என்று முனகியது மிஷின். "முதல்ல தீப்பிடிச்சதே அதுலதான்."

"எரிஞ்சு போச்சுங்க," என்றார் பாய், தலை நிமிராமல்.

"அடப்பாவமே! எந்தப் பாவி செஞ்ச வேலை?" என்று உச்சுக்கொட்டினார் வரதராஜன். "சரி, வேற துணி தர்றேன். அளவு எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு, வழக்கம்போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். பாய் டேப்பை அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தார்.

"பாய் ஏன் இவர் முகத்தையே பார்க்க மாட்டேங்குறார்?" என்றது மிஷின்.

"அன்னைக்கும் இவர் இப்படித்தான் கையைத் தூக்கிக்கிட்டு வந்தார்," என்றது டேப். "ஒரு கையில பெட்ரோல் பாட்டில். அவசரத்துல, பாவம், தன் சட்டை உள்ளே இருக்கிறதை மறந்துட்டார்."