நடு சீட் மாப்பிள்ளை

"வெயில் உங்க பக்கம் அடிக்குது. நான் வேணா அந்தப் பக்கம் மாறிக்கட்டுமா?"

ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள் அவள். வேன் இன்னும் ஊரைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் கரிசனம் பொங்கி வழிகிறது. விடிந்தால் கல்யாணம், பேச்சைப் பார்.

"வேண்டாம். வெயில் எனக்குப் பழக்கம்தான்" என்றாள்.

அவளுக்குக் கல்யாண விசாரணை ஏஜென்சியில் வேலை. மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பெண் வீட்டாருக்குத் துப்புக் கொடுப்பாள். இந்தக் கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவுக்குக் கடைசி நேரத்தில் சந்தேகம் வந்துவிட்டது. வெளியூரில் தனியாக இருக்கும் பையன், குணம் எப்படியோ? மாப்பிள்ளை இந்த ஷேர் வேனில்தான் மண்டபத்துக்கு வருகிறான். போய்ச் சேருவதற்குள் அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தையில்தான் ஒரு கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா வேலை கொடுப்பதும் திட்டுவதும் போனில்தான். நேரில் பார்த்தது கிடையாது. மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் எத்தனை கெஞ்சினாலும் தரமாட்டார். "முகத்தைப் பார்த்துட்டுப் போனா முகத்தைத்தான் விசாரிப்பீங்க. ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியாதவங்களுக்கு இந்த வேலை எதுக்கு?" என்பார்.

கண்டுபிடிக்க இங்கே என்ன கஷ்டம்? டிரைவரை விட்டால் வேனில் ஆண்கள் இரண்டே பேர். கடைசி சீட்டில் இருந்தவன் ஒரு பெண்ணின் தோளில் சாய்ந்துகொண்டு, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, ஏறியதிலிருந்து இளித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு துணிந்தவனும் காதலியைக் கூட்டிக்கொண்டு தன் கல்யாண மண்டபத்துக்கே போய் இறங்கமாட்டான். மிச்சம், நடு சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்தக் கோடுபோட்ட சட்டைதான்.

"கல்யாணத்துக்கா போறீங்க?" என்றான் கோடுபோட்ட சட்டை.

"ஆமா. நீங்க?"

"நானும்தான். வேண்டியவங்க கல்யாணம்."

தன் கல்யாணத்தையே வேண்டியவங்க கல்யாணம் என்கிறான். என்ன நெஞ்சழுத்தம்.

"எனக்கும் வேண்டியவங்க கல்யாணம்தான்" என்றாள் அவளும்.

அவன் ஏதோ புரிந்தவன் போலத் தலையாட்டினான். பிறகு, "உங்களுக்குக் கோபம் வருமா?" என்று கேட்டான்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா, பேச்சுத் துணைக்கு. பெரியவங்களை எதிர்த்துப் பேசுவீங்களா?"

"அவங்க தப்பாப் பேசினா பேசுவேன்."

"சமையல்?"

"சாப்பிடத் தெரியும்."

அவன் சிரித்துவிட்டான். நல்ல சிரிப்பாக வேறு இருந்து தொலைத்தது. எத்தனையோ மாப்பிள்ளைகளை விசாரித்திருக்கிறாள், ஒருவன் சிரிப்பும் அவளை ஒன்றும் செய்ததில்லை. போயும் போயும் இவனா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

"தப்பா நினைக்காதீங்க. இதுக்கு முன்னாடி காதல், அந்த மாதிரி ஏதாவது?"

கேள்வியைப் பார். சரி, எவ்வளவு தூரம் போகிறான் பார்ப்போம் என்று தூண்டில் போட்டாள்.

"ரெண்டு. மூணாவதை யோசிச்சிட்டிருக்கேன்."

"யாரு?"

"ஆளு பக்கத்துலதான் இருக்காரு."

அவன் காது மடல் சிவந்துவிட்டது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கமாம். நடிப்பில்கூடக் குறை வைக்கவில்லை.

வழியில் டீக்கடையில் வேன் நின்றது. அவன் இறங்கினானோ இல்லையோ, கடைக்குப் பின்னால் போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போன் பேசத் தொடங்கினான். கல்யாணத்துக்கு முதல் நாள் ஒளிந்து நின்று பேசுகிறவன் அம்மாவிடமா பேசுவான்? அவள் வேனின் மறுபக்கம் போய் முதலாளியம்மாவைப் போனில் பிடித்தாள்.

"அம்மா, மாப்பிள்ளை சுத்தமா சரியில்ல. வாயைத் திறந்தா பொய். பக்கத்துல உக்காந்த பொண்ணுகிட்ட வழியறான். ஒளிஞ்சு நின்னு யார்கிட்டயோ பேசறான். நிறுத்திடச் சொல்லுங்க."

"நிச்சயமாத்தான் சொல்றியா?"

"நான் என்னிக்கு ஆளைத் தப்பா எடை போட்டிருக்கேன்?"

"சரி, சொல்லிடறேன். இப்பத்தான் ஒரு கால் பேசி வச்சேன், அதுவும் இதே தலைவலிதான்" என்று முதலாளியம்மா வைத்துவிட்டார்.

திரும்பி வந்தால் அவன் இரண்டு டீயோடு நின்றுகொண்டிருந்தான். "சூடு ஆறிடும், குடிங்க" என்றான். அவன் கல்யாணத்தை நிறுத்திவிட்டு அவன் கொடுத்த டீயைக் குடிப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இப்படிப்பட்டவனுக்காகக் கஷ்டப்படுகிறோமே என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

மண்டப வாசலில் கூட்டம். நடுவில் இரண்டு அப்பாக்கள் வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வேன்ல வர்ற பொண்ணுங்ககிட்ட வழியறவனுக்கா என் பொண்ணைக் குடுப்பேன்? கல்யாணத்தை நிறுத்தியாச்சு" என்றார் பெண்ணின் அப்பா.

"நீங்க என்ன நிறுத்தறது? நாங்க முதல்லயே நிறுத்தியாச்சு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "ஏற்கனவே ரெண்டு காதலாம், மூணாவதை யோசிச்சிட்டிருக்காளாம் உங்க பொண்ணு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் சொன்ன வார்த்தையாயிற்றே.

அப்போதுதான் கடைசி சீட் ஜோடி இறங்கியது. இயர்போன் இன்னும் காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா சத்தம்?" என்று ஜோடியில் இருந்தவள் பெண்ணின் அப்பாவிடம் போய் நின்றாள்.

இளித்துக்கொண்டு வந்தவன் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "உங்களுக்குத் தெரியாம ரெண்டு பேரும் ஒரே வேன்ல வந்துட்டோம்ப்பா. கட்டிக்கப்போற பொண்ணுதானே, இதுக்கா இவ்வளவு ரகளை?"

அப்பாக்கள் இருவரும் அவசரமாகப் போனை எடுத்தார்கள். கோடுபோட்ட சட்டை மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்தான்.

"ஏங்க, 'முகத்தைப் பார்த்துட்டுப் போனா முகத்தைத்தான் விசாரிப்பீங்க'ன்னு அந்தம்மா உங்களுக்கும் போட்டோ தரலையா?"