இடது காது

"கை எட்டலைன்னா, எட்டலைன்னு ஒரு சீட்டு எழுதித் தருவீங்களா, டீச்சர்?"

வரிசையில் நின்றபடியே கேட்டாள் நூர்பைத்தி. சஃப்ரிதா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் உன் பொண்ணு கையையே தூக்கலை. அதுக்குள்ள சீட்டா? எதுக்கு?"

"ஊர்த்தலைவர் கேட்டார்."

"அவருக்குத் தும்மினாலும் காகிதம் வேணும்," என்று சொல்லிவிட்டு டீச்சர் பதிவேட்டைப் புரட்டினார்.

இந்தோனேசியாவின் ஆச்சே கடலோரத்தில் சுனாமிக்குப் பிறகு கட்டிய பள்ளி அது. முதல் வகுப்புச் சேர்க்கை நாள். பிறப்புச் சான்று வைத்திருந்தவர்கள் வரிசையில் நாலைந்து பேர்கூட இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பழைய முறைதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளி வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம்.

முன்னால் நின்ற மீன்காரி லைலா தன் மகனைத் தள்ளிவிட்டாள். "காது எட்டுதோ இல்லையோ டீச்சர், மேல் தட்டுல ஒளிச்சு வச்ச பலகாரமெல்லாம் இவனுக்கு எட்டுது."

அவன் தலையைச் சாய்த்துக் காதைப் பிடிக்கப் பார்த்தான்.

"டேய், காது கையைத் தேடி வரக் கூடாது. கைதான் போகணும்," என்றார் டீச்சர்.

அவன் விறைத்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டே விட்டான். வரிசை முழுக்கச் சிரிப்பு. நூர்பைத்தியின் பிடிக்குள் மகள் ரௌசாவின் சின்னக் கை வியர்த்துக்கொண்டிருந்தது.

"அடுத்தது. பிறப்புச் சான்று?"

"கடல் கொண்டுபோயிடுச்சு."

அந்த ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. டீச்சர் வீட்டிலிருந்தும் கடல் மூன்று பேரைக் கொண்டுபோயிருந்தது.

"அலை வந்தப்ப இவளுக்கு என்ன வயசு?"

"ரெண்டு."

"அப்ப இப்ப அஞ்சரை. சரி, வாய் சொல்ற வயசு ஒண்ணு, உடம்பு சொல்றது ஒண்ணு. பாத்துடலாம். ஒத்தைக் கால்ல நொண்டிக் காட்டு, கண்ணு."

ரௌசா நொண்டினாள். சுவர்வரை போய், கால் மாற்றாமல் திரும்பியும் வந்தாள்.

"அட! அஞ்சு வயசுப் பிள்ளைங்க பாதியிலயே கால ஊனிடும். இன்னொரு தரம் போ பாக்கலாம்."

"போதும் டீச்சர், விழுந்துடுவா." நூர்பைத்தி ஓடிப்போய் அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க, வாயைத் திற. கீழே ஒரு பல்லைக் காணோமே? பல்லு விழற வயசா?"

"இல்லை இல்லை. படியில விழுந்து போனது."

"இப்படிப் பொத்திப் பொத்தி வளத்தா எப்படி நூர்?" என்றாள் லைலா. "நாலு நாள் வீட்டுல கையைத் தூக்கிப் பழக்கியிருக்கலாம்ல?"

"தினமும் பழக்கிட்டுத்தான் இருக்கேன், அக்கா," என்றாள் நூர்பைத்தி.

"சரி, கையைத் தூக்கு," என்றார் டீச்சர்.

ரௌசா ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். கை மேலே போனது. முழங்கை உச்சந்தலையில் படிந்தது. விரல்கள் சுருட்டை முடிக்குள் புதைந்து நெளிந்தன. நூர்பைத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் உதடுகள் மட்டும் ஓதிக்கொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்டி செல்லம்..." லைலா தன் கையையும் சேர்த்துத் தூக்கிவிட்டாள்.

எட்டவில்லை. காதுக்கு மேலே இரண்டு விரற்கடை இடைவெளி.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "கால் நல்லா ஓடுது, கைதான் வளரலை. முகாம்ல அரை வயிறு சாப்பிட்ட பிள்ளைங்க நிறையப் பேர் இப்படித்தான். மீனும் முட்டையும் குடு. அடுத்த வருஷம் கூட்டிட்டு வா. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

நூர்பைத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சீட்டு, டீச்சர்."

ரௌசா, கை எட்டவில்லை, ஆறு வயதுக்குக் கீழ் என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார் டீச்சர். நூர்பைத்தி அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள்.

பள்ளி வாசலைத் தாண்டியதும் ரௌசா அவள் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு சிக்லியிலேர்ந்து அந்த அம்மா வருவாங்கள்ல? அலையில தொலைஞ்ச அவங்க பொண்ணுக்கு இப்ப ஏழு வயசாம். அவங்க முன்னாடியும் விரலை இப்படியே மடக்கி வச்சுக்கவா?"