மின்விசிறி குடித்த தண்ணீர்

சித்திரை வெயிலுக்காக, ஒரு வீட்டுக் கூடத்திலிருந்த கடல்நீர் மீன்தொட்டியின் விளிம்பில் சின்ன மின்விசிறி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது தண்ணீரின் மேல் ஓயாமல் வீசியதால் உள்ளே சூடு ஏறவில்லை. வீட்டுக்காரி இரண்டு நாள் வெளியூர் போயிருந்தாள்.

மறுநாள் காலை, தொட்டியிலிருந்த நண்டு பாறைமேல் ஏறிப் பார்த்தது. தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

"திருட்டுப் பயலே! எங்கள் தண்ணீரை நீதானே குடிக்கிறாய்?" என்று விசிறியைக் கேட்டது.

"நான் வீசினால் கொஞ்சம் ஆவியாகத்தான் போகும். அது போனால்தான் மிச்சத் தண்ணீர் குளிரும்," என்றது விசிறி.

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். நிறுத்து!"

விசிறி நின்றுவிட்டது.

மதியத்துக்குள் தண்ணீர் வெதுவெதுப்பானது. பாறையில் ஒட்டியிருந்த தன் முட்டைகளைக் காவல் காத்த கோமாளி மீன், துடுப்பால் அவற்றுக்கு வீசி வீசியே மூச்சு வாங்கியது. அப்படியும் ஓரத்திலிருந்த நாலு முட்டைகள் வெளுத்துச் செத்துப்போயின.

"விசிறியண்ணே, சுற்றுங்கள்! என் பிள்ளைகள் வேகிறார்கள்!" என்று மீன் கதறியது.

விசிறி மறுபேச்சில்லாமல் சுற்றத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் சூடு தணிந்தது. மிச்ச முட்டைகள் பிழைத்தன.

அன்று மாலை ஊர் திரும்பிய வீட்டுக்காரி, தண்ணீர் இறங்கியிருப்பதைப் பார்த்து, உப்பு தொட்டியிலேயே தங்கியிருக்கும் என்பதால் நல்ல தண்ணீரையே சொம்பு சொம்பாக மெல்ல ஊற்றினாள்.

நண்டு இரண்டு கொடுக்குகளையும் தூக்கிக்கொண்டு மீனிடம் வந்தது.

"பார்த்தாயா? நான் சத்தம் போட்டதால்தான் தண்ணீர் வந்தது."

மீன் வெளுத்த முட்டைகளை ஒவ்வொன்றாக வாயால் அகற்றிக்கொண்டிருந்தது.