கொலைகாரப் புழு

"ஏனுங்க, மஞ்ச மீனையும் காணோமுங்க!"

புவனாவின் அலறல் நன்றாகவே வந்தது. காலையில் சமையலறையில் ஒத்திகை பார்த்தது வீண்போகவில்லை.

அருள்குமார் காபி டம்ளரோடு ஓடிவந்து கடல்நீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பாறை இடுக்கிலிருந்து, உடம்பெல்லாம் முள்மயிர் வைத்த புழு ஒன்று சாவகாசமாகத் தலையை நீட்டியது.

"இந்தச் சனியன்தான் தின்னுபோட்டுது அம்மணி. இதை உடக்கூடாது."

குழாய்த் துண்டுக்குள் இறாலை வைத்து, பொறியாக்கி உள்ளே இறக்கினார்.

புவனாவுக்குப் புழுவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. செத்ததையும் சிந்தியதையும் தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிற அப்பாவி. மஞ்சள் மீன் அந்நேரம் உக்கடத்தில், பிரான்சிஸின் வண்ணமீன் கடையில் நீந்திக்கொண்டிருந்தது. கொண்டுபோய் விட்டதே அவள்தான்.

வேறு என்ன செய்வாள்? வெள்ளகோவிலில் தம்பி நிதீஷுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்காளாக இணைச்சீர்ச் சடங்குக்கு உட்கார வேண்டியவள், புருஷன் இல்லாமல் தனியாகப் போய் இறங்கினால் சனம் சும்மா இருக்குமா?

அவரோ, "நீ போயிட்டு வா அம்மணி. கரண்டு போச்சுன்னா மீனை யாரு பாக்கறது?" என்றுவிட்டார்.

தங்கள் கல்யாண நாளுக்கென்று அவர் அவளுக்காக ஆசையாக வாங்கி வைத்த தொட்டி. அதைத் தூக்கிப் போடுங்கள் என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? மீனே இல்லையென்றால் கூட வந்துதானே ஆகவேண்டும்!

ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. நீல மீனையும் கோமாளி மீன்களையும் காணவில்லை. அவற்றை அவள் தொடவேயில்லை.

அப்படியானால் இந்தப் புழு நிசமாகவே கொலைகாரனா? அன்றிலிருந்து ரப்பர் கையுறை மாட்டாமல் அவள் தொட்டிக்குள் கைவிடவில்லை.

மிச்சமிருந்த ஒரே மீனையும் தண்ணீரோடு பையில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"பிரான்சிஸ் தம்பி, இதோட முடிஞ்சுது. மத்ததையெல்லாம் புழு தின்னுபோட்டுதுங்க. அதைக் கொல்ல மருந்து ஏதாச்சும் இருந்தாக் குடுங்க. எங்கூட்டுக்காரரு மனசொடிஞ்சு கெடக்கறாரு."

பிரான்சிஸ் தலையைச் சொறிந்தான்.

"மருந்தெல்லாம் வேண்டாமுங்கக்கா. அது பாவம்."

"என்னங்க பாவம்? நீல மீனு எத்தனை அழகு! அதைப் போய்..."

அவன் உள் அறைத் திரையை விலக்கினான். அங்கே ஒரு தொட்டியில் நீல மீனும் கோமாளி மீன்களும் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன.

"அண்ணன்தானுங்க கொண்டாந்து உட்டாரு. 'அம்மணி உசுராட்டம் வளர்க்கற மீனு, தெரிஞ்சா அழுதுபோடும், புழு தின்னுதுன்னு சொல்லிக்கறேன், அப்பத்தான் மச்சினன் கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போக முடியும்'னு சொன்னாருங்க."