பதினேழு பொன்னாடைகள்

முதல் நூல் தீயில் பட்டதும் உருகிச் சொட்டியது.

"பாலியஸ்டர், சார்" என்றேன்.

எங்கள் கல்லூரி முதல்வர் அருள்தாஸ் நம்பவில்லை. அது வங்கி மேலாளர் மேடையில் அவருக்குப் போர்த்திய பொன்னாடை.

எனக்கு வாதாட நேரமில்லை. பதினோரு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. வெள்ளி உப்புக் கரைசலில் பட்டுத் துணியைப் போட்டு வெயிலில் வைத்தால், விஷ மருந்து எதுவும் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகும். துணி மஞ்சளாகும். அதைச் செய்து காட்டாவிட்டால் என் மூன்று வருட வேலையை இழுத்து மூடிவிடுவார்கள்.

புதுக்கோட்டையில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? பட்டுதான் இல்லை. ஆர்டர் போட்ட பார்சல் வந்து சேரவில்லை. என் சேலைகள் எல்லாம் அரக்கு. நிறம் மாறினால் தெரியாது.

அருள்தாஸ் சார்தான் பெருந்தன்மையாகப் பீரோவைத் திறந்தார். வெளிர் நிறத்தில் மட்டும் பதினேழு. எல்லாம் அசல் பட்டு என்று சத்தியம் செய்யாத குறை.

ஒவ்வொன்றிலும் ஒரு நூல் உருவிக் கொளுத்தினேன். பழைய மாணவர்கள் போர்த்தியது உருகியது. பேச்சாளர் ஒருவர் கண்கலங்கப் போர்த்தியது உருகியது.

பன்னிரண்டாவதும் உருகியபோது சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம சம்பந்தி போர்த்துனதுமா?"

பாவமாக இருந்தது. ஆனால் மணி பத்து நாற்பது. என் பாவத்தை யார் பார்ப்பது?

பதினேழாவது, அடியில் மடிப்புக் கலையாமல் கிடந்த வெள்ளைப் பொன்னாடை. நூலில் தீ வைத்தேன். முடி கருகும் வாடை வந்தது. உருகவில்லை. விரலில் தேய்த்தேன், சாம்பலாக உதிர்ந்தது.

அசல் பட்டு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்து ஒரு முழம் வெட்டினேன். சார் தடுக்கவில்லை, சந்தோஷப்படவும் இல்லை.

"சார், பட்டு எங்க கெடச்சதுன்னு ஆய்வு ஃபாரத்துல எழுதணுங்க. இது யாரு போர்த்துனது?"

அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போர்த்துனது யாருன்னு ஞாபகம் இல்லம்மா. கடையில வாங்கி, போர்த்தச் சொல்லிக் குடுத்தது நான்தான்."