நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

"நவம்பர், புதன்கிழமை. இன்றைய தவறு: 412 என்ற எண்ணை இரண்டு இடத்தில் எழுதிவிட்டேன். இரண்டாவதை அடித்துவிட்டேன்."

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், மடியில் நோட்டை வைத்து அவன் இதை எழுதி முடித்தபோது பகல் பன்னிரண்டே கால். தினமும் ஒரு தவறையும் மறுநாள் வேலை ஒன்றையும் எழுதி வரும்படி மாலை வகுப்பு வாத்தியார் சொல்லியிருந்தார். மறுநாள் வேலைக்குத்தான் அவன் யோசிக்க வேண்டியிருக்கும்; தவறுக்கு அவனிடம் பஞ்சமே இல்லை.

கடைவாய்ப் பல் ஒன்று மூன்று வாரமாக உயிரை வாங்கியது. சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு. இந்தப் பல்லோடு போனால் வாயையே திறக்க முடியாது. ஆனால் இதே நாற்காலியிலிருந்து ஏற்கெனவே இரண்டு முறை நழுவி ஓடியவன் அவன்.

இன்றைக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தான். அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்ததும் அறையில் எல்லாரும் எழுந்து பேச ஆரம்பிப்பார்கள். அந்தச் சந்தடியில் கம்பி நீட்டிவிடலாம்.

முடிவுதான் வந்தபாடில்லை. காலை ஒன்பதரைக்கு டோக்கன் கொடுத்துக் கதவைச் சாத்தியதிலிருந்து அதே படம்தான். டிவியில் அமெரிக்கா சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது; ஒரே ஒரு மாநிலம் மட்டும் சாம்பல் நிறம். திரையின் கீழ்மூலையில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கீறல் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

செல்போன்களெல்லாம் மேசைமேல் ஒரு கூடையில் கிடந்தன. போன் மணி கேட்டால் டாக்டருக்குக் கை நடுங்குமாம். அதைக் கேட்டபின் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

"இந்த மாநிலம் மட்டும் வந்துடட்டும், நான் கிளம்பிடுவேன்" என்றார் பள்ளி வேன் டிரைவர். அவருடைய ஒரு கன்னம் பந்தாக வீங்கியிருந்தது.

"அப்ப பல்லு?" என்று கேட்டாள் பக்கத்திலிருந்த தையல்கார அம்மா.

"அது எங்க போயிடப் போகுது, வாயிலதானே இருக்கு. அங்க ஒரு நாடே ரெண்டா நிக்குதும்மா."

"நீங்க கிளம்பிப் போனா அது ஒண்ணாயிடுமா?"

"மூணாம் நம்பர்" என்று கூப்பிட்டாள் மேசைக்குப் பின்னாலிருந்த அக்கா. மூன்று அவன்தான். காலையிலிருந்து இது ஆறாவது அழைப்பு.

"அண்ணே, நீங்க முதல்ல போங்க. உங்களுக்கு வேன் இருக்கு."

"இரு தம்பி. நீலம் ஏறுது பாரு."

"ஏறும். இன்னும் ரெண்டு நிமிஷத்துல சிவப்போட முன்னிலை தொள்ளாயிரத்தைத் தாண்டிடும்" என்றாள் அக்கா, பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். "நீங்க தைரியமா உள்ள போங்கண்ணே. வெளிய வரும்போதும் இது இப்படியேதான் இழுத்துக்கிட்டு இருக்கும்."

சரியாக இரண்டாவது நிமிடம் சிவப்பு தொள்ளாயிரத்தைத் தாண்டியது. அவன் அதையும் குறித்துக்கொண்டான். உள்ளேயிருந்து வரும் மிஷின் சத்தத்தை மறக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இவ்வளவு அரசியல் ஞானத்தை வைத்துக்கொண்டு இந்த அக்கா டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறாளே என்று அவன் மனசு கேட்கவில்லை.

டிரைவர் போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்து, கூடையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்து தையல்கார அம்மாவுக்கும் அவன் வழிவிட்டான். அவளும் பஞ்சோடு போனாள்.

"மூணாம் நம்பர்."

"முடிவு வந்துடட்டும்க்கா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே, யார் ஜெயிப்பாங்கன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"உள்ள போயிட்டு வா. சொல்றேன்."

சொன்னதெல்லாம் பலித்த வாய். அவன் எழுந்தான். பத்தே நிமிடத்தில் பல் தட்டில் விழுந்தது. நாற்காலியிலிருந்து டாக்டரின் அறை வரை நடந்ததுதான் கஷ்டமாக இருந்தது. மற்றபடி பெரிதாக வலிக்கவில்லை.

வெளியே மீதியிருந்த நாலு பேரும் டிவியை நோக்கிக் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். செய்தி வாசிப்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சிவப்பு நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு முன்னிலை" என்றார்.

அவன் நோட்டைப் புரட்டினான். பத்தரைக்கு 412. பன்னிரண்டுக்கும் 412, அதைத்தான் அடித்திருந்தான். அதற்குக் கீழே அவன் எழுதியிருந்த எண்களும் பத்தரைக்குப் பின் வந்த அதே எண்கள், அதே வரிசை. இப்போது மூன்றாவதாக 412 என்று எழுதினான். இந்த முறை பேனா அடிக்கப் போகவில்லை.

நோட்டை அக்காவின் முன்னால் வைத்து, மூன்று எண்ணையும் விரலால் தொட்டுக் காட்டினான். வாயில் பஞ்சு. "ம்ம்?" என்றுதான் கேட்க முடிந்தது.

அக்கா பதிவேட்டின் அடியிலிருந்த ரிமோட்டை இன்னும் உள்ளே தள்ளினாள். பிறகு மேசைமேல் குனிந்து, அவன் காதருகே மெதுவாகச் சொன்னாள்.

"பதினோரு மணிக்கே முடிஞ்சுடுச்சு தம்பி. என் போன்ல பார்த்ததும், விளம்பரம் ஓடும்போதே நான் டிவியை ஒன்றரை மணி நேரம் பின்னால ஓட்டிட்டேன். அந்த இடம் வந்தா மறுபடியும் ஓட்டுவேன்; மணி தெரியாம இருக்கத்தான் மூலையில அந்தப் பிளாஸ்திரி. முடிவு தெரிஞ்சா ஒருத்தர் உட்கார மாட்டீங்க. சத்தம் போடாத, இன்னும் நாலு பல்லு பாக்கி இருக்கு."

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவன் இன்றைய தவறை முழுதாக அடித்தான். கீழே எழுதினான்.

"நாளைய வேலை: இன்றைக்குத் தவறே இல்லாமல் போனதற்கு வாத்தியாரிடம் காரணம் சொல்ல வேண்டும்."